ஆமைக்குன்றும் கைத்தடிக் கணக்கும்

தனபாலு, சரோஜா, உங்கள் இரண்டு பேருக்கும் நினைவிருக்கும். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் யாரோ கேட்டார்கள் என்று வந்து, "அப்பா, நீ காட்டுல இன்னா வேலை பாக்குற?" என்பீர்கள். "நடக்கிறேன்" என்று சொல்வேன். நீங்கள் சிரிப்பீர்கள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. காட்டு இலாகாவில் கார்டு என்றால் நடப்பதுதான் வேலை. மற்றதெல்லாம் நடந்து போன இடத்தில் செய்வது.

இப்போது இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், போன வாரம் சைக்கிளில் வந்த இரண்டு கார்டுகள். ஆமைக்குன்றின் அடிவாரத்தில் பூங்கா போட்டிருக்கிறார்களாம். சிமெண்டில் யானை, சிமெண்டில் மான், உட்கார பெஞ்சு. ஜனவரி முதல் தேதி ஜனங்களைக் கூட்டமாகக் குன்றுக்கு அழைத்துப் போய்க் காட்டப் போகிறார்களாம். புது ஏற்பாடு என்று சொன்னார்கள். நான் மறுக்கவில்லை. அவர்கள் பிறப்பதற்கு முன்னால் நடந்ததெல்லாம் அவர்களுக்குப் புதியதுதான்.

அதில் ஒருவன், "பெரியவரே, ஒங்க காலத்துல மேல போயி ஜனங்களுக்கு இன்னா சொல்லுவீங்க?" என்று கேட்டான்.

"அந்த வெள்ளை கழுவெளி. அதற்கு அப்பால் கடல். இன்று தெரியவில்லை. இதைத்தான் சொல்வேன்" என்றேன். கழுவெளி என்றால் கடற்கரைக்கு இந்தப் பக்கம் பரந்து கிடக்கும் உப்பு ஏரி.

"அவ்ளோதானா? தெரியலன்னு சொல்றதுக்கா அவ்ளோ தூரம் கூட்டிக்கினு போனீங்க?"

அவன் கேட்டது நியாயம். அந்த மூன்று வாக்கியமும் எப்படி வந்தன என்று அவனிடம் சொல்ல நேரமில்லை. சைக்கிளில் காற்று இறங்கிக்கொண்டிருந்தது. உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் வேலையில் சேர்ந்த கதையை நீட்டப்போவதில்லை. எட்டாவது வரை படித்தேன். திண்டிவனம் ரேஞ்சில் முதலில் வாட்சர், பிறகு கார்டு. தீ பரவாமல் இருக்க வரி வெட்டுவது, திருட்டு விறகைப் பிடிப்பது, பிடித்த விறகைச் சுமப்பது ஆகியவற்றைக் கற்றேன். விறகைப் பிடிப்பதைவிடச் சுமப்பது கஷ்டம் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

ரேஞ்சர் வேதாசலம் ஐயாவைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்லவேண்டும். அவர் புத்தகத்தில் எழுதுவதைப் போலவே பேசுவார். பெண்டாட்டியிடமும் அப்படித்தான், நாயிடமும் அப்படித்தான். ஒரு நாய் குரைத்துக்கொண்டு வந்தால், "போய்விடு. உனக்கு இங்கே அலுவல் இல்லை" என்பார். அது போய்விடும். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைக்கும் நேரத்தை வைத்துக் கோபத்தின் அளவைத் தெரிந்துகொள்வோம்.

ஆமைக்குன்று கூட்டேரிப்பட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பெரிய மலை இல்லை. ஆமை படுத்திருப்பதுபோல இருக்கும். விழுப்புரம் ஜங்ஷனில் அப்போது ரயில்வேக்காரர்கள் கும்பலாகக் குடியிருந்தார்கள். ஆங்கிலோ இந்திய டிரைவர்கள், ரயில் கார்டுகள், அவர்கள் வீட்டு மிசியம்மாக்கள், நம் ஊர் குமாஸ்தாக்கள். அவர்களுக்கு ஒரு கிளப் இருந்தது. நமக்கு வருஷம் சித்திரையில் பிறக்கிறது. அவர்களுக்கு மார்கழிக் குளிரில் பிறக்கும். முந்தின இரவு கிளப்பில் ஆடுவார்கள். மறுநாள் தலைவலி. தலைவலிக்கு மலைக்காற்று நல்லது என்று யாரோ ஒரு டாக்டர் சொன்னாராம். அதிலிருந்து ஒவ்வொரு புத்தாண்டும் காலைப் பாசஞ்சரில் மயிலம் ஸ்டேஷனில் வந்து இறங்கி, மாட்டுவண்டிகளில் அடிவாரத்துக்கு வருவார்கள். அவர்களை மேலே கூட்டிப்போய்க் கீழே கொண்டுவரும் பொறுப்பு எங்களுக்கு.

முந்தின நாளே நான் தனியாக ஏறிவிடுவேன். பாதையில் நீட்டிக்கொண்டிருக்கும் சூரைமுள்ளை வெட்டவேண்டும். சரிவுப் பாறையில் கிடக்கும் பொடிக்கல்லைத் துடைப்பத்தால் கூட்டவேண்டும், இல்லாவிட்டால் பூட்ஸ் வழுக்கும். பாறை இடுக்குகளில் தேன்கூடு இருக்கிறதா என்று அண்ணாந்து பார்க்கவேண்டும். பாதி வழியில் ஆலமரத்தடியில் இரண்டு பானைத் தண்ணீர் வைத்து மூடிவிட்டு வரவேண்டும்.

காலையில் ஜனங்கள் வந்து இறங்கியதும் ரேஞ்சர் ஐயா அவர்களுடைய முகத்தைப் பார்க்கமாட்டார். காலைப் பார்ப்பார். யாருடைய செருப்பு மோசமோ, யாருடைய நடை மெதுவோ, அவரை என் பின்னால் முதலில் நிறுத்துவார். "தாங்கள் முன்னால் வாருங்கள். தங்கள் வேகம்தான் இன்றைக்கு எல்லோருடைய வேகமும்." அந்த ஆளுக்குப் பெருமையாக இருக்கும். மற்றவர்கள் மரியாதைக்காக மெதுவாக நடப்பார்கள். ஐயா கடைசியில் வருவார்.

அடுத்தது கைத்தடி. அடிவாரத்தில் ஒரு வேப்பமரம். அதன்மேல் மூங்கில் தடிகளை வரிசையாகச் சாய்த்து வைத்திருப்போம். ஏறுகிறவர் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளவேண்டும். இறங்கியதும் அதே இடத்தில் சாய்த்துவிட வேண்டும். ஐயா ஜனங்களை எண்ணமாட்டார். "ஜனங்கள் நகர்ந்துகொண்டே இருப்பார்கள். தடி நகராது" என்பார். மரத்தில் இடைவெளி இருந்தால் ஒருவர் இன்னும் மேலே இருக்கிறார் என்று அர்த்தம். இடைவெளி இல்லாவிட்டால், "எல்லோரும் இறங்கிவிட்டார்கள்" என்று சொல்லுவார். அதற்குப் பிறகுதான் வண்டிமாட்டைப் பூட்டலாம்.

ஒரு வருஷம் ஒரு தடி குறைந்தது. ரயில் காத்திருக்காது என்று ஜனங்களை மட்டும் அனுப்பிவிட்டு நானும் ஐயாவும் மறுபடி ஏறினோம். ஐயா ஒவ்வொரு புதருக்கும் எதிரே நின்று, "யாராவது இருக்கிறீர்களா?" என்று கேட்டார். பொழுது சாயும்வரை கேட்டார். மறுநாள் அவரே ரயிலேறி விழுப்புரம் போனார். நானும் கூடப் போனேன். டிக்கெட் கொடுக்கும் குமாஸ்தா ஒருவர் அந்தத் தடியை வீட்டுக்கு எடுத்துப் போய்த் துணி காயப்போட்டிருந்தார்.

ஐயா அவர் வாசலில் நின்று, "தாங்கள் இன்னும் குன்றிலிருந்து இறங்கவில்லை" என்றார்.

குமாஸ்தா, "நான் நேத்தே வந்துட்டனே சார். இதோ நிக்கிறேனே" என்றார்.

"எங்கள் மரத்தின்படி தாங்கள் மேலே இருக்கிறீர்கள்."

ஈரத்துணியை எடுத்துவிட்டுத் தடியைக் கொடுத்தார். ஐயா அதை ரயிலில் கொண்டுவந்து வேப்பமரத்தில் சாய்த்து, "இப்போது எல்லோரும் இறங்கிவிட்டார்கள்" என்றார். கேட்க நான் ஒருவன்தான் இருந்தேன். எனக்கும் சொல்லவில்லை. மரத்தைப் பார்த்துச் சொன்னார்.

குன்றின் உச்சியில் ஒரு தட்டைப் பாறை உண்டு. எல்லோரும் வந்து சேர்ந்து மூச்சு வாங்கியதும் ஐயா அதன்மேல் ஏறிக் கிழக்கே கை நீட்டுவார். "அந்த வெள்ளைக் கோடு வங்காள விரிகுடா." அவ்வளவுதான் பேச்சு. அவருக்கு முன்பிருந்த ரேஞ்சர் அவருக்கு அப்படித்தான் காட்டியிருந்தார். மார்கழிப் பனி மூட்டத்துக்கு நடுவே தூரத்தில் வெள்ளிக்கம்பி மாதிரி ஒரு கோடு மின்னும். ஜனங்கள் "ஆமாம், ஆமாம்" என்பார்கள். தெரியவில்லை என்று சொன்னால் கண் கெட்டுவிட்டது என்று ரயில்வேயில் வேலை போய்விடும் அல்லவா. ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒரு டிரைவர் பாய்மரம்கூடத் தெரிகிறது என்பார். பிறகு அவர்கள் கேக் தின்பார்கள். எங்களுக்கும் ஒரு துண்டு தருவார்கள். நாங்கள் வேகவைத்த மல்லாட்டை, நிலக்கடலைதான், கொண்டுபோயிருப்போம். அவர்களுக்கு அதைக் கொடுப்போம். இரண்டு பக்கமும் திருப்தி.

யுத்தம் வந்தது. ரங்கூனை ஜப்பான்காரன் பிடித்துவிட்டான் என்று சேதி வந்த வருஷம் கழிந்து அடுத்த புத்தாண்டில், கூட்டம் குறைவு. ஆனாலும் வந்தார்கள். டிரைவர் வீட்டு மிசியம்மா ஒருத்தி தன் வீட்டு ஆயாவையும் கூட்டி வந்திருந்தாள். ஆயாவின் பெயர் அஞ்சலை. பொம்மையார்பாளையத்துக்காரி, மீன்பிடிக்கிற குடும்பம். தலையில் பெரிய டிபன் கூடை. அதை வைத்துக்கொண்டு எனக்கு அடுத்தபடியாக மேலே வந்துவிட்டாள். மிசியம்மா ஆலமரத்தடியிலேயே இரண்டு தடவை உட்கார்ந்தாள்.

ஐயா தட்டைப் பாறையில் ஏறினார். கை நீட்டினார். "அந்த வெள்ளைக் கோடு வங்காள விரிகுடா."

"ஆமாம், ஆமாம்" என்றார்கள்.

அஞ்சலை கூடையை இறக்கிவைத்துவிட்டு என்னிடம் மெல்லக் கேட்டாள். "அண்ணே, கடலு எங்க?"

கையைக் காட்டினேன். கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"அது கழுவெளிண்ணே."

"சும்மா இரும்மா. ரேஞ்சர் ஐயாவே சொல்லிட்டாரு."

"யாரு சொன்னா இன்னா? கடலுக்கு அந்தாண்ட பனமரம் நிக்குமா?"

மெல்லத்தான் சொன்னாள். ஆனால் பாறையில் எல்லாம் கேட்கும். மிசியம்மா, "ஏ அஞ்சலை, வாய் மூடு. கேக் எடு, மேன்" என்று அதட்டினாள். அவள் ஆண், பெண் எல்லோரையும் மேன் என்றுதான் கூப்பிடுவாள்.

ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். போட்டுக்கொண்டு கிழக்கே பார்த்தார். வெள்ளைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் சீப்புப் பல் மாதிரி கறுப்பாக ஒரு வரிசை. பனைமரங்கள். எத்தனையோ வருஷமாக நாங்கள் எல்லோரும் அவற்றைப் பார்த்திருக்கிறோம். கடலுக்கு அக்கரையில் பனைமரம் நிற்பதைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

"கார்டு, பனைமரங்கள் நிற்கின்றன" என்றார்.

"ஆமாங்க ஐயா."

அஞ்சலையிடம் திரும்பி, "அப்படியானால் கடல் எங்கே அம்மா?" என்று கேட்டார்.

"அதுக்கும் அந்தாண்டங்க. அந்த மூட்டத்துக்குள்ள இருக்குது. வெயிலு ஏறினா தெரியும்ங்க. தெரியாமலும் போவும்."

அதற்குப் பிறகு கேக் தின்றார்கள். பாய்மரம் பார்த்ததாகச் சொன்ன டிரைவர் மட்டும் தள்ளி உட்கார்ந்து தின்றார். அஞ்சலை சும்மா நிற்கவில்லை. தட்டு கழுவினாள், கூடையில் அடுக்கினாள். ஆனால் முகம் கிழக்கேயே இருந்தது. நான் ஏன் என்று கேட்டேன்.

"எங்க ஊட்டுக்காரரு ரங்கூன் கப்பல்ல கரி தள்ற வேல. சண்ட வந்ததுலேர்ந்து ஒரு சேதி இல்லண்ணே. கப்பலே ஓடலன்றாரு ஒருத்தரு, ஓடுதுன்றாரு ஒருத்தரு. ஊருக்குப் போயி பாத்துட்டு வர்றேன்னா, போனா திரும்பி வராதன்றாங்க மிசியம்மா. குன்று மேல ஏறினா கடலு தெரியும்னு அவங்களேதான் சொன்னாங்க. சரி, பொகை ஒண்ணு பாத்தாப் போதும், கப்பலு ஓடுதுன்னு தெரிஞ்சிக்கலாம்னு கூடையத் தூக்கிக்கினு வந்தேன்."

ரயிலுக்கு நேரமாயிற்று. எல்லோரையும் எழுப்பி வரிசைப்படுத்தி இறக்கினோம். சுமை தூக்குகிறவர்கள் பின்னால் தாங்களாகவே வந்துவிடுவார்கள் என்பது வழக்கம். அடிவாரத்தில் ஒவ்வொருவராகத் தடியைச் சாய்த்தார்கள். ஐயா மரத்தைப் பார்த்தார். இடைவெளி இல்லை.

"எல்லோரும் இறங்கிவிட்டார்கள்" என்றார்.

மாட்டைப் பூட்டினார்கள். முதல் வண்டியில் ஏறி உட்கார்ந்த மிசியம்மா, "டிபன் பாஸ்கெட் எங்கே மேன்? அஞ்சலை எங்கே?" என்றாள்.

ஐயா மறுபடி மரத்தைப் பார்த்தார். தடிகள் எல்லாம் இருந்தன.

"கார்டு, அந்த அம்மாளுக்குத் தடி கொடுத்தோமா?"

"இல்லீங்க ஐயா. தலையில கூடை இருந்துது. சுமை தூக்குறவங்களுக்கு நாம எப்பவும் குடுக்கறதில்லீங்களே."

"கொடுப்பதில்லை" என்றார். கேள்வியாகச் சொல்லவில்லை.

அதுவரை எங்களுக்குத் தோன்றவே இல்லை. இத்தனை வருஷமும் கேக்கையும் கூஜாவையும் தூக்கி வந்தவர்கள் ஒருவரும் எங்கள் கணக்கில் ஏறவில்லை. ஏறாதவர்கள் இறங்கினார்களா என்று நாங்கள் பார்த்ததும் இல்லை.

நானும் ஐயாவும் ஏறினோம். மிசியம்மா கீழேயிருந்து, ரயிலுக்கு வராவிட்டால் அவளுக்கு வேலை இல்லை என்று சொல்லும்படி கத்தினாள். ஐயா அன்றுதான் என்னை முந்திக்கொண்டு நடந்தார்.

அஞ்சலை தட்டைப் பாறையில் குந்தியிருந்தாள். கூடை பக்கத்தில். எங்களைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

"வந்துட்றேன் சாமி. இன்னும் கொஞ்ச நேரம். மூட்டம் கலஞ்சிக்கினே இருக்குது."

"எல்லோரும் சேர்ந்து ஏறவேண்டும், சேர்ந்து இறங்கவேண்டும் என்பது விதி" என்றார் ஐயா.

"நான் எறங்கலன்னு யாரு சாமி பாத்தாங்க?"

அவள் குத்தலாகச் சொல்லவில்லை. ஒரு விவரமாகத்தான் சொன்னாள். ஐயா கண்ணாடியைக் கழற்றினார். நான் பயந்தேன். ஆனால் துடைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டிருந்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார்.

"மிசியம்மா தங்களுக்கு வேலை இல்லை என்கிறார்கள். அது தங்களுக்குத் தெரியவேண்டும்."

"தெரியும் சாமி."

ஐயா தன் கையிலிருந்த தடியை அவளிடம் நீட்டினார். அவருடையது ரேஞ்சர் தடி, பித்தளைப் பூண் போட்டது. அவள் வாங்கத் தயங்கினாள்.

"பிடித்துக்கொள்ளுங்கள். இறங்கும்போது இதை மரத்தில் சாய்க்கவேண்டும். கார்டு, நீ இங்கே இரு. நான் ஜனங்களை ரயிலேற்றிவிட்டு வருகிறேன்."

பிறகு குனிந்து டிபன் கூடையை எடுத்தார். "ஐயா, நான்..." என்று போனேன். "உனக்கு இங்கே அலுவல் இருக்கிறது" என்றார். ரேஞ்சர் கோட்டோடு, கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, தடியில்லாமல் சரிவுப் பாறையில் இறங்கினார். கீழே நடந்ததை வண்டிக்காரன் எனக்குப் பிறகு சொன்னான். கூடையை மிசியம்மாவின் பக்கத்தில் வைத்து, "அவர் இலாகாவின் பொறுப்பில் இருக்கிறார். தடி அவரிடம் இருக்கிறது" என்றாராம். மிசியம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. வண்டிக்காரனுக்கும் புரியவில்லை.

மேலே நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். பேச்சுக்கு ஏதாவது வேண்டுமே என்று, "மூட்டம் போனாலும் கடல் இங்கேர்ந்து தெரியும்னு ஒனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"கடலுலேர்ந்து இந்தக் குன்று தெரியும்ண்ணே. எங்காளுங்க இத ஆமன்னு சொல்லமாட்டாங்க. கவுத்த சட்டின்னுதான் சொல்லுவாங்க. சட்டியும் எங்க ஊரு ஆலமரமும் ஒரே நேருக்கு வந்துச்சின்னா, அடியில பாறைன்னு அர்த்தம். அங்க வல போட்டா கிழிஞ்சிபூடும். எங்க ஊட்டுக்காரரு கப்பலுக்குப் போறதுக்கு முன்னாடி சொன்னது. அங்கேர்ந்து இது தெரியுதுன்னா, இங்கேர்ந்து அது தெரியாமப் பூடுமா?"

நான் எத்தனையோ வருஷம் அந்தக் குன்றைக் காத்திருக்கிறேன். அதை வைத்து யாரோ வலையைக் காப்பாற்றிக்கொள்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

வெயில் ஏறியது. கழுவெளி நன்றாகத் தெரிந்தது. பனைமரங்களை ஒன்றொன்றாகப் பிரித்துப் பார்க்க முடிந்தது. அதற்கு அந்தாண்டை பால் காய்ச்சி ஊற்றியதுபோல வெள்ளை. அது கலைவதும் மூடுவதுமாக இருந்தது. வெயில் எங்கள் முதுகுப் பக்கம் திரும்பியது. வெள்ளை அப்படியே இருந்தது.

அவளாகவே எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

"இன்னிக்கி இல்லண்ணே. வாங்க, ஜல்தியா எறங்குவம். பாத்திரம் அப்படியே கெடக்கும்."

வேப்பமரத்தடியில் ஐயா உட்கார்ந்திருந்தார். ஸ்டேஷனிலிருந்து நடந்தே திரும்பி வந்திருக்கிறார். அஞ்சலை பூண் போட்ட தடியை மற்றத் தடிகளோடு சாய்த்தாள். கைகூப்பினாள். ஐயா எழுந்து நின்று மரத்தைப் பார்த்தார்.

"கடல் தெரிந்ததா?"

"தெரியல சாமி."

"இப்போது எல்லோரும் இறங்கிவிட்டார்கள்" என்றார்.

மாலை ரயிலில் அவரே அவளை விழுப்புரத்தில் கொண்டுபோய் விட்டார். மிசியம்மா உடனே அனுப்பிவிடவில்லை. வேறு ஆயா கிடைக்கும்வரை வைத்திருந்து அனுப்பினாள். அஞ்சலை ஊருக்குப் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன். அப்புறம் கூட்டேரிப்பட்டுச் சந்தைக்குக் கருவாடு கொண்டுவரும் ஒரு அம்மாளிடம் விசாரித்தேன். "அஞ்சலையா? மீனு வித்துக்கினு கீறா. அவ ஊட்டுக்காரரப் பத்தி ஒண்ணும் தெரியல" என்றாள். அதற்கு மேல் எனக்குத் தெரியாது. தெரியாததை எழுதமாட்டேன்.

அடுத்த புத்தாண்டுக்கு முன்னால் ஐயா இரண்டு மாற்றங்கள் செய்தார். மூங்கில் வெட்டச் சொல்லித் தடிகளைக் கூட்டினார். சுமை தூக்குகிறவர், வண்டிக்காரர், யார் ஏறினாலும் கையில் தடி. தலையில் சுமை இருந்தால் தடியை இடுப்பில் செருகிக்கொள்ளவேண்டும். உச்சியில் சொல்லும் வாக்கியத்தையும், நான் முதலில் எழுதிய அந்த மூன்றாக மாற்றினார். ரயில்வேக்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை. "போன வருஷம் வரைக்கும் தெரிஞ்சுதே" என்று டிரைவர் கேட்டார். "அப்போது நாங்கள் தவறாகக் காட்டினோம். தங்கள் பாய்மரத்துக்கும் இலாகா வருந்துகிறது" என்றார் ஐயா. பிறகு அவர் ஓய்வு பெற்றார். வாக்கியம் எனக்கு வந்தது. ஒவ்வொரு புத்தாண்டும் பாறையில் ஏறிச் சொன்னேன். ஒவ்வொரு புத்தாண்டும் பனி. "இன்று தெரியவில்லை" என்பதை மாற்றவேண்டிய தேவை வரவில்லை. வெள்ளைக்காரன் போனான், மிசியம்மாக்களும் கப்பலேறினார்கள், நடையும் நின்றது.

நடை நிற்பதற்குக் கொஞ்சம் முன்னால், யுத்தம் முடிந்து கப்பல்கள் மறுபடி ஓடுகின்றன என்று பேசிக்கொண்ட காலத்தில், ஒரு கார்த்திகை மாதம் புயல் அடித்தது. மரம் விழுந்திருக்கிறதா என்று பார்க்க மறுநாள் குன்றுக்குப் போனேன். யாரும் கூட இல்லை. வேப்பமரத்துத் தடிகள் எல்லாம் கீழே சரிந்து கிடந்தன. எடுத்துச் சாய்த்து வைத்தேன். ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

ஆலமரத்தில் ஒரு கிளை முறிந்திருந்தது. மேலே ஒன்றும் இல்லை. புயல் வானத்தைக் கழுவிவிட்டுப் போயிருந்தது. கழுவெளி சேற்று நிறத்தில் நிரம்பிக் கிடந்தது. அந்தாண்டை பனைமரங்கள், சிலது தலை இல்லாமல். அதற்கும் அந்தாண்டை, வானத்துக்குக் கீழே, கரும்பச்சையாக, அக்கரையே இல்லாமல் கடல் இருந்தது. நான் நினைத்ததைவிட உயரமாக இருந்தது.

நான் தட்டைப் பாறையில் ஏறி நின்றேன். கிழக்கே கை நீட்டினேன்.

"அந்தச் சேற்று நிறம் கழுவெளி. அதற்கு அப்பால் கடல். இன்று தெரிகிறது."

கூட்டத்துக்குச் சொல்வதுபோல உரக்கவே சொன்னேன். பிறகு உட்கார்ந்து, புகை ஏதாவது தெரிகிறதா என்று, வடக்குக் கோடியிலிருந்து தெற்குக் கோடி வரை பார்க்க ஆரம்பித்தேன்.